யேசுவை அடக்கம் செய்யும் காட்சி: முதலில் பேனாவால் வரைந்து பார்ப்பது எப்படி?

கல்லடித்தூரிகை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பங்குக் கோயிலுக்கு யேசுவின் உடலைக் கல்லறைக்குத் தூக்கிச் செல்லும் காட்சியை 6 அடிக்கு 4 அடி பலகையில் கேட்டிருக்கிறார்கள். வழக்கமாகப் பென்சிலால் கோடிட்டுவிட்டு நேரே பெயின்டுக்குப் போய்விடுவேன், ஆனால் இதில் ஆட்கள் நிறைய, யாருடைய கை எங்கே போகிறதென்றே பிடிபடவில்லை. இத்தாலிய ஓவியர்கள் முதலில் பேனாவும் மையும் கொண்டு வரைந்தார்களாமே, அழிக்க முடியாத மையை ஏன் எடுத்தார்கள்? வரைந்ததைப் பலகைக்கு எப்படிப் பெரிதாக்குவது?

புளியந்தீவான்:
தம்பி, அழிக்க முடியாததுதான் அதன் பலமே. அழித்துக்கொண்டிருந்தால் ஒரே படத்தில் நின்றுவிடுவாய், மை என்றால் அடுத்த தாளுக்குப் போயே ஆகவேண்டும். இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1507இல் முடித்த இதே காட்சியின் கோட்டுப்படங்களை இணையத்தில் தேடிப் பார். தொடக்கத்தில் யேசு தரையில் கிடக்க, சுற்றியிருந்து அழுகிறார்கள். தாள் தாளாக மாறி மாறித்தான் உடலைத் தூக்கிப் போகும் காட்சி வந்தது. மயங்கிச் சாயும் மாதாவுக்கு முதலில் எலும்புக்கூட்டையே வரைந்து பார்த்திருக்கிறார், அந்தத் தாள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகத்துக்கு முன் உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறதென்று பார், அது சரிவந்தால் கைகள் தானாக இடம் பிடிக்கும்.

கல்முனை மைக்கூடு:
மை பற்றி நான் சொல்கிறேன். அந்தக் காலத்து மை மாசிக்காய் (ஓக் மரத்தில் வரும் துவர்ப்புக் காய்), அன்னபேதி (இரும்பு உப்பு), பிசின் சேர்த்துக் காய்ச்சியது. எழுதியதும் காற்றுப்பட்டுக் கறுக்கும், காலம் போகப் பழுப்பாகித் தாளையே அரிக்கும். உங்களுக்கு இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை போதும், தொட்டெழுதும் நிப்பில் மட்டும் பாவியுங்கள், ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் அடைத்துவிடும். நிழலுக்கு அதே மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசுங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும், தடித்த தாளை எடுத்து நான்கு பக்கமும் வேறொரு பலகையில் ஒட்டிவிட்டு வரையுங்கள்.

கல்லடித்தூரிகை:
நன்றி அண்ணன், நன்றி சகோதரர். பெரிதாக்குவது?

புளியந்தீவான்:
கட்டம் போடு. உன் கடைசிப் படம் 18 அங்குலத்துக்கு 12 ஆக இருக்கட்டும், அதில் ஒரு அங்குலக் கட்டம், பலகையில் நாலு அங்குலக் கட்டம். கோடு எந்த இடத்தில் கட்டத்தை வெட்டுகிறதோ அதை மட்டும் பார்த்துப் பலகையில் புள்ளி வைத்துக்கொண்டு போ. ரஃபேலும் கடைசித் தாளில் கட்டம் போட்டுத்தான் மாற்றியிருக்கிறார். படத்தின் மேலேயே கீறாமல் ஒளிபுகும் தாளில் கட்டத்தைப் போட்டு மேலே வை. முதல் இரண்டு மூன்று தாள் வந்ததும் இங்கே போடு, தூக்கிறவர்கள் நிற்கிற விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.