உதவி: மூடியைப் போட்டதும் கிரில் சூடு இறங்கிவிடுகிறது

முற்றத்துவெயில்:
சாயங்காலம் ஆட்கள் வருகிறார்கள், அவசரம். பின்முற்றத்துக் கிரிலில் தீ நன்றாகத்தான் பிடிக்கிறது. மூடியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சூடு போய்விடுகிறது. கோழித் தொடை மேலே கருகி, எலும்போரம் பச்சையாகவே நிற்கிறது. போன வருடம் இதே கிரில் ஒரு தொந்தரவும் தரவில்லை. என்ன செய்யலாம்?

தணல்:
கரியா, காஸா? காஸ் என்றால் சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தீர்களா பாருங்கள். சில ரெகுலேட்டர்கள் அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு காஸ் வருவதைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி, வால்வை மெல்லத் திறந்தால் சரியாகும்.

முற்றத்துவெயில்:
கரி.

ஊதுகுழல்:
மரக்கரியா, அச்சில் போட்ட கரிக்கட்டியான பிரிக்கெட்டா? மூடியில் உள்ள துளை திறந்திருக்கிறதா? தணலைத் தட்டு முழுக்கப் பரப்புகிறீர்களா, ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொன்னாலும் ஊகம்தான்.

கரிமூட்டை:
கேள்வியே வேண்டாம், ஈரக் கரி. பிரித்து வைத்த மூட்டை வெளியில் கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது மூட்டை வாங்குங்கள்.

முற்றத்துவெயில்:
புது மூட்டைதான். பிரிக்கெட். மேல் துளை முழுக்கத் திறந்திருக்கிறது. தணலை முழுக்கப் பரப்பியிருக்கிறேன்.

கரிமூட்டை:
புது மூட்டையும் கடையிலேயே ஈரத்தில் இருந்திருக்கலாம்.

பழைய உலை:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது! தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். மூடினால் தீ அணைவது 1952-லேயே தீர்ந்த சிக்கல். ஜார்ஜ் ஸ்டீபன் கடல் மிதவையை வெட்டி உருண்டைக் கிரில் செய்தபோது முதலில் தீ நிற்கவில்லை, அப்புறம் மூடியில் துளை போட்டதும் நின்றது என்று வெபர் கிரிலின் கதையைச் சொல்வார்கள். எரிய வேண்டுமென்றால் காற்று வேண்டும். அடிப்படை தெரியாமல் விருந்துக்கு ஆள் கூப்பிடுவது சரியில்லை.

தணல்:
ஐயா, அவர்தான் மேல் துளை திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாரே. அடித்துளையைப் பற்றி நீங்களும் கேட்கவில்லையே.

மரக்கரி மட்டும்:
பிரிக்கெட் என்று சொன்னபோதே விஷயம் முடிந்தது. கரித்தூளையும் மாவையும் சேர்த்து அச்சில் போட்டது அது. மரக்கரி சீக்கிரம் பிடிக்கும், சூடு அதிகம், சாம்பலும் குறைவு. மாற்றிப் பாருங்கள்.

பழைய உலை:
மரக்கரி சீக்கிரம் தீர்ந்தும் போகும். துண்டுகள் ஒரே அளவில் இருக்காது, ஒரு மூலை கொதிக்கும், இன்னொரு மூலை ஆறிக் கிடக்கும். நிதானமாக நீண்ட நேரம் சமைக்கப் பிரிக்கெட்டுக்கு இணையில்லை.

மரக்கரி மட்டும்:
நிதானம் வேண்டுமென்றால் துளையைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். அதற்காகச் சாம்பல் மூட்டையை வாங்க முடியாது.

பழைய உலை:
நான் துளையைக் கட்டுப்படுத்தும் விதத்தைப் பற்றி இங்கே எழுதியதை நீங்கள் படித்ததில்லை போலிருக்கிறது.

ஊதுகுழல்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. முற்றத்துவெயில், ஒரு சோதனை. சூடு இறங்கியதும் மூடியைத் திறந்து பாருங்கள். தணல் மறுபடி சிவந்து ஏறினால் குறை காற்றில்தான். திறந்திருக்கும்போது மேலிருந்து காற்று கிடைக்கிறது, மூடியதும் அடியிலிருந்து வந்தால்தான் உண்டு. திறந்தும் ஏறவில்லை என்றால் கரி குறைவு, இல்லை கரிமூட்டை சொல்கிற ஈரம்.

முற்றத்துவெயில்:
திறந்தால் உடனே சிவக்கிறது. இன்னொன்று, மழை வரும்போல் இருக்கிறது. கார் நிற்கும் அறைக்குள் தள்ளி, கதவைத் திறந்து வைத்துச் சமைக்கலாமா?

நிழல்குடை:
வேண்டவே வேண்டாம்! கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, கண்ணில் படாது, ஆளைக் கொல்லும். தலைவலி, மயக்கம் என்று தெரிய ஆரம்பிக்கும்போதே நிலைமை மோசமாகியிருக்கும். அணைந்தது போல் இருக்கும் தணலைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது. சுவர், மரக்கூரை, திரைச்சீலை எல்லாவற்றையும் விட்டு மூன்று மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். மழை கொட்டினால் சமையலறை அடுப்பில் முடித்துக்கொள்ளுங்கள், விருந்தினர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தணல்:
நிழல்குடை சொன்னதை அப்படியே கேளுங்கள். சூட்டு விஷயத்துக்கு வருகிறேன். திறந்ததும் சிவக்கிறது என்றால் அடித்துளை அடைத்திருக்கிறது. போன வருடச் சாம்பல் அடியிலேயே கிடந்தால் ஈரம் வாங்கி இறுகிவிடும். நன்றாக ஆறியபிறகு தணலை எடுத்துவிட்டுச் சுரண்டுங்கள், துளைத் தகடு இரு பக்கமும் நகர்கிறதா என்று பாருங்கள்.

கோழி கருகுவது வேறு கதை. முழுக்கப் பரப்பினால் கொழுப்பு நேராகத் தணலில் சொட்டித் தீ எழும்பும். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, தொடையைத் தணல் இல்லாத பக்கம் வையுங்கள்; மேல் துளை கோழிக்கு நேர் மேலே வரும்படி மூடியைத் திருப்பினால் சூடு அதைத் தாண்டித்தான் வெளியே போகும். கடைசியில் மட்டும் தணல் பக்கம் நகர்த்தித் தோலைச் சிவக்க விடுங்கள். இனிப்புச் சேர்ந்த மசாலா இருந்தால் அதையும் அப்போதுதான் தடவ வேண்டும். பிரிக்கெட் மேல் சாம்பல் பூத்து வெளுக்கும் முன் எதையும் வைக்காதீர்கள், இருபது நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம். நிறத்தை நம்பாமல், தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். மூடியில் இருக்கும் தெர்மாமீட்டர் மேல்காற்றின் சூட்டைத்தான் காட்டும், கோழியின் சூட்டை இல்லை.

கரிமூட்டை:
எதற்கும் கரியை வெயிலில் காயவைத்துவிடுங்கள்.

முற்றத்துவெயில்:
அடி முழுக்க இறுகிய சாம்பல். சுரண்டியதும் மூடியோடு எரிகிறது. மழை இல்லை, வெளியில்தான் வைத்திருக்கிறேன். ஆட்கள் வந்துவிட்டார்கள், நன்றி.

ஊதுகுழல்:
தொடையில் 74 வந்ததா?

நிழல்குடை:
சமைத்து முடிந்ததும் இரண்டு துளைகளையும் அடைத்து மூடிவிடுங்கள், தணல் தானாக அணையும். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டு, மூடி போட்ட உலோக வாளியில் கொட்டுங்கள்.