டிரிஃப்ட் ரோஜா: புது இலை மஞ்சள், ஒரு செடியில் மட்டும் சிவப்புத் துளிர். என்ன செய்யலாம்?

வாசல்ரோஜா (ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்) – மே 9

எல்லோருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். வாசலில் நடைபாதையை ஒட்டி 20 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி. முன்பு அங்கே புல்தான் இருந்தது, ஒவ்வொரு கோடையிலும் கருகிவிடும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், தினமும் செடியோடு நிற்க நேரமில்லை. நர்சரியில் கேட்டபோது ஆப்ரிகாட் டிரிஃப்ட் வைக்கச் சொன்னார்கள். ஒன்றரை அடிக்கு மேல் உயராது, இரண்டரை அடி படரும், மருந்து அடிக்க வேண்டாம், வாடிய பூவைக் கிள்ளக்கூட வேண்டாம் என்றார்கள். போன வருடம் மார்ச்சில் எட்டுச் செடி வைத்தேன்.

சொன்னபடியே வந்தது. அக்டோபரில் பாத்தி முழுக்கப் பூ. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தினமும் காலையில் சாமிக்கு ஒரு கிண்ணம் பறிப்பார், பறித்த இடம் தெரியாது.

இந்த வசந்தத்தில்தான் பிரச்சினை. ஐந்தாறு செடியில் புது இலை மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் எலுமிச்சை நிறம். அடி இலைகள் நன்றாகவே இருக்கின்றன. வாரா வாரம் டீத்தூளும் முட்டை ஓடும் போடுகிறேன். ஸ்பிரிங்க்ளர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுகிறது. உரம் போதவில்லையா?

இன்னொன்று. பக்கத்து வீட்டு வேலி ஓரம் இருக்கிற எட்டாவது செடி மட்டும் ஜோராக இருக்கிறது. நல்ல சிவப்பாக, தடித்தடியாகத் துளிர் விட்டு, மற்றதைவிட ஓர் அடி உயர்ந்து நிற்கிறது. அந்த இடத்து மண்ணில் என்ன இருக்கிறதோ, அதை மற்ற ஏழுக்கும் கொடுக்க முடியுமா?

மாடித்தோட்டம் (கோவை) – மே 9

ரோஜா மஞ்சளடித்தால் நான் விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி போட்டுக் கிளறிவிடுவேன்மா. என் மாடியில் தொட்டி ரோஜா எல்லாம் அதில்தான் தேறியது. போட்டுப் பாருங்கள்.

கரிசல்காடு (பிளேனோ, டெக்சாஸ்) – மே 9

கோவை அம்மா சொல்வது தென்னை நார்க்கழிவு போட்ட தொட்டிக்குச் சரி. இங்கே சாம்பல் வேண்டாம், தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் பிறந்தவன். பிளேனோவில் வீடு வாங்கி முதல் குழி தோண்டியபோது அப்படியே நின்றுவிட்டேன். அதே கருப்பு மண். மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கும், ஆகஸ்டில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். டாலஸைச் சுற்றி வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிற பிளாக்லேண்ட் புல்வெளி மண் இது. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதனால் மண் காரம். பிஎச் பெரும்பாலும் 7.5-க்கு மேல்தான்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் கார மண்ணில் அது கரையாத உருவத்தில் மாட்டிக்கொள்வதால் வேரால் எடுக்க முடியாது. செடிக்குள் இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, அதனால்தான் நுனி இலை வெளுத்து அடி இலை பச்சையாக இருக்கிறது. நைட்ரஜன் குறை என்றால் நேர்மாறாக, அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். நீங்கள் இந்த ஒரு வித்தியாசத்தைச் சரியாகக் கவனித்து எழுதியதால் பாதி வேலை முடிந்தது.

முட்டை ஓடு சுண்ணாம்பு. சாம்பலும் காரம். இரண்டும் நோயையே மருந்தாகக் கொடுப்பது மாதிரி. இரும்புக் கீலேட் வாங்குங்கள், வேர் எடுக்கிற மாதிரி இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் உரம் அது. பொட்டலத்தில் ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று ஈடிடிஏ (EDTA) வாங்கினால் நம் கார மண்ணில் அது தாங்காது. இரும்பு சல்ஃபேட்டை இந்த மண்ணில் போட்டால் அதுவும் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். பொட்டலத்தில் சொன்ன அளவைத் தண்ணீரில் கரைத்து வேரடியில் ஊற்றுங்கள். கரைத்ததும் ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் செக்கச்செவேல் என்று இருக்கும். நடைபாதையில் சிந்தினால் கறை லேசில் போகாது, உடனே கழுவிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். களிமண்ணில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது மிக அதிகம். வேர் மூச்சுவிட முடியாமல் நின்றாலும் இதே மஞ்சள்தான் வரும். மேலிருந்து தெளிக்கிற ஸ்பிரிங்க்ளரை அந்தப் பாத்திக்கு நிறுத்திவிட்டுச் சொட்டுக் குழாய் போடுங்கள். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளி நோய்க்குப் போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

பன்னீர்ப்பூ (ஃபோர்ட் வொர்த், டெக்சாஸ்) – மே 10

மஞ்சளுக்கு அண்ணன் சொன்னதே போதும். எனக்குப் பயமெல்லாம் அந்த எட்டாவது செடி மேல்தான். டிரிஃப்ட் என்பது படரும் ரோஜாவையும் குட்டி ரோஜாவையும் கலப்பினம் செய்து உருவாக்கிய வகை. அதில் ஒரு கிளை மட்டும் தனியாக ஓர் அடி மேலே கிளம்புவது அதன் குணமே இல்லை.

ரோஜாவின் இளந்துளிர் சிவப்பாக வருவது சகஜம், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சைக்கு மாறிவிடும். நீங்கள் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முன்பு சிவப்பாக வந்த இலைகள் இப்போது பச்சையாகியிருக்கின்றனவா? அந்தத் தண்டில் முள் எப்படி இருக்கிறது? களைக்கொல்லி ஏதாவது அந்தப் பக்கம் அடித்தார்களா? களைக்கொல்லி பட்டாலும் இலை நார் நாராகக் குறுகிக் கொத்தாக வரும், ஆனால் முள் பெருகாது.

வாசல்ரோஜா – மே 10

அக்கா, இப்போதுதான் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கை நடுங்குகிறது.

ஒரு மாதத்துக்கு முன்பே சிவப்பாக இருந்த இலை இன்னும் சிவப்புதான், சுருங்கி முறுக்கிக்கொண்டிருக்கிறது. தண்டு முழுக்க முள். கம்பளிப்பூச்சி முதுகு மாதிரி இடைவெளியே இல்லாமல். தொட்டால் குத்தவும் இல்லை, ரப்பர் மாதிரி வளைகிறது. பக்கத்துச் செடியில் ஒரு விரல் நீளத்துக்கு நான்கைந்து முள்தான். எந்தக் கிளையிலிருந்து கிளம்பியதோ, அதைவிடப் புதுத் துளிர் தடிமன். நுனியில் விளக்குமாறு மாதிரிக் கொத்து. மொட்டு மிளகு அளவில் அப்படியே நின்றுவிட்டது. களைக்கொல்லி பிப்ரவரியில் பின்பக்கப் புல்லுக்கு மட்டும்தான் போட்டார்கள்.

அந்தச் செடியைத்தான் மாமியாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், எவ்வளவு செழிப்பு பாருங்கள் என்று.

பன்னீர்ப்பூ – மே 10

ரோஸ் ரொசெட் நோய்தான் தங்கச்சி. நானும் முதலில் செழிப்பு என்றுதான் நினைத்தேன். உரம்கூட வைத்தேன். ஒரு வருடத்தில் பதினான்கு நாக் அவுட் ரோஜாச் செடிகள் போய்விட்டன, அதனால் சொல்கிறேன்.

இது வைரஸ். நோயை 1940-களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், காரணமான வைரஸை 2011-ல்தான் கண்டுபிடித்தார்கள். பரப்புவது எரியோஃபைட் என்கிற நுண்பேன், வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதற்குச் சிறகு இல்லை, காற்றில் மிதந்து வந்து துளிர் நுனியிலும் மொட்டு இதழ்களுக்குள்ளும் ஒதுங்கும். ஆசியாவிலிருந்து கொண்டுவந்து இங்கே வேலிக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் நட்ட மல்டிஃப்ளோரா காட்டு ரோஜாவில் முதலில் பரவியது, அப்புறம் வீட்டு ரோஜாவுக்கு வந்தது. 2000-ல் நாக் அவுட் ரோஜா விற்பனைக்கு வந்த பிறகு தெருத்தெருவாக, கடை வாசலெல்லாம் ரோஜா. பேனுக்கு ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போவது சுலபமாகிவிட்டது. டாலஸ், ஃபோர்ட் வொர்த் பக்கம் 2010-களில் அழித்த ரோஜாவுக்குக் கணக்கில்லை.

நர்சரியில் உங்களிடம் பொய் சொல்லவில்லை. மருந்து வேண்டாம் என்பது கரும்புள்ளி, சாம்பல் நோய் மாதிரியானவற்றுக்கு. இந்த வைரஸுக்கு முன்னால் டிரிஃப்ட், நாக் அவுட் எல்லாம் ஒன்றுதான். பராமரிப்புக் குறைவு என்றால் நாம் பார்க்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறோம், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வாரம் ஐந்து நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் முதல் செடியோடு நின்றிருக்கும்.

வாசல்ரோஜா – மே 10

அந்தக் கிளையை மட்டும் வெட்டிவிட்டால் போதாதா அக்கா? மற்ற கிளைகளில் பூ இருக்கிறது. பிடுங்க மனசு வரவில்லை.

பன்னீர்ப்பூ – மே 11

வராதுதான். ஆனால் ஒரு கிளையில் தெரியும்போது பெரும்பாலும் வைரஸ் உள்ளே இறங்கியிருக்கும், இதற்கு மருந்தும் கிடையாது. பக்கத்தில் ஏழு செடி இருக்கிறது. சந்தேகம் இருந்தால் காலேஜ் ஸ்டேஷனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் தாவர நோய்ப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, மாதிரி அனுப்பலாம். நீங்கள் சொன்ன முள்ளைக் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

காற்று இல்லாத காலை நேரமாகப் பாருங்கள். வெட்டுவதற்கு முன்பே பெரிய குப்பைப் பையைச் செடி மேல் கவிழ்த்து அடியில் கட்டிவிடுங்கள். உலுக்கினால் பேன் பறக்கும். அப்புறம் வேரோடு தோண்டி எடுங்கள், வேர்த்துண்டு விடாமல். பையோடு குப்பைக்குப் போகட்டும், உரக்குழிக்கு வேண்டாம், வெளியில் கிடத்திக் காயவைக்கவும் வேண்டாம். கத்தரியைத் துடைத்துவிடுங்கள். புல் வெட்ட வருகிறவர்களிடம் அந்தப் பாத்திப் பக்கம் இலை ஊதும் இயந்திரத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் காற்றுதானே, பேனை அள்ளிக்கொண்டு போய் அடுத்த செடியில் வைக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜா இருக்கிறதா? அதைப் பார்க்காமல் விட்டால் இத்தனையும் வீண்.

கரிசல்காடு – மே 11

பிப்ரவரியில் வெட்டிவிட்டீர்களா? இங்கே காதலர் தினத்தை ஒட்டிக் கவாத்து செய்வது வழக்கம். பேன் குளிர்காலத்தைத் தண்டில் மொட்டுகளுக்குள்தான் கழிக்கும். நன்றாகத் தாழ்த்தி வெட்டி, வெட்டியதைப் பையில் கட்டிப் போட்டால் பேனும் கொஞ்சம் அதோடு போகும்.

வாசல்ரோஜா – ஜூன் 13

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

எட்டாவது செடியை மறுநாள் காலை ஆறரைக்கே எடுத்துவிட்டோம். கணவர் பையைப் பிடித்துக்கொண்டார், நான் தோண்டினேன். வேர் நினைத்ததைவிட ஆழம், களிமண்ணில் ஒரு மணி நேரம் ஆனது.

பக்கத்து வீட்டில் வயதான தம்பதி. வேலியை ஒட்டி ஆறு நாக் அவுட் இருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளை பிறந்தபோது நட்டவை. எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். கடைசியில் எங்கள் செடியின் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் என்னை வேலிக்குக் கூட்டிப்போய் இரண்டு செடியைக் காட்டினார். அதே விளக்குமாறு, அதே முள். இது போன கோடையிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது என்றார். இரண்டையும் நாங்களே தோண்டிக் கொடுத்தோம். மீதி நான்கும் இதுவரை சுத்தம்.

இரும்பு ஊற்றி, தண்ணீரை வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைத்தேன். மூன்றாவது வாரம் வந்த இலைகள் கரும்பச்சை. ஏற்கெனவே ரொம்ப வெளுத்தவை அப்படியேதான் இருக்கின்றன. ஏழும் இப்போது மொட்டு விட்டிருக்கின்றன. சனிக்கிழமை காலை காபியோடு போய் ஒவ்வொரு தண்டாகப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்த மூலை வெறிச்சென்று இருக்கிறது. இன்னொரு டிரிஃப்ட் வாங்கி வைக்கலாமா?

மாடித்தோட்டம் (கோவை) – ஜூன் 14

சாம்பலைப் போடச் சொன்னேனே என்று இத்தனை நாள் மனசு கேட்கவில்லை. செடி தேறியதில் ரொம்ப சந்தோஷம்மா.

பன்னீர்ப்பூ – ஜூன் 14

நல்லது செய்தீர்கள் தங்கச்சி. வைரஸோ பேனோ உயிருள்ள ரோஜா இல்லாமல் மண்ணில் தங்காது, அதனால் பிறகு ரோஜா வைக்கவே கூடாது என்பதில்லை. ஆனால் அந்த மூலைக்கு நானாக இருந்தால் இலையுதிர் சால்வியா வைப்பேன். டெக்சாஸ் செடிதான், வெயில் தாங்கும், பேனுக்கு அதில் வேலையில்லை. வேலிக்கும் உங்கள் ஏழுக்கும் நடுவில் ஒரு தடுப்பு மாதிரியும் இருக்கும்.

எதுவானாலும் இந்த வெயிலில் நட வேண்டாம். அக்டோபர் வரை குழி காலியாகவே கிடக்கட்டும். வேர்த்துண்டு ஏதாவது தப்பியிருந்தால் அதற்குள் துளிர்விட்டுக் காட்டிக்கொடுக்கும். கண்டால் அன்றைக்கே தோண்டி எடுத்துவிடுங்கள்.