ஜெல் படத்துல ஏமாந்த கதை: உங்க அனுபவம் என்ன?

காசிமேட்டுக்காரி
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. காசிமேட்டு மீனோட டிஎன்ஏவை ஜெல்லுல ஓடவிட்டு எடுத்த படம். மீன் இனத்தை அடையாளம் காண உதவுற சிஓஐ ஜீன், அந்த 655 பேஸ் பேர் (டிஎன்ஏ நீளத்தோட அலகு) பேண்டு, அதான் ஜெல்லுல தெரியுற டிஎன்ஏ பட்டை. லேன் லேனா (ஜெல்லுல டிஎன்ஏ ஓடுற பாதை) அளவைக் கூட்டிப் போட்டிருந்தேன். இமேஜ்ஜேல, அதான் படத்தை அளக்குற சாஃப்ட்வேர்ல, பேண்டோட வெளிச்சத்தை ப்ளாட் போட்டா முதல் ரெண்டு லேன் கூம்பு மாதிரி ஏறி இறங்குது. மூணாவதுல இருந்து உச்சியே இல்ல, கத்தியால சீவின மாதிரி தட்டை. கைடு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உன் பேண்டு திருப்பதி போய் மொட்டை போட்டுட்டு வந்துடுச்சா?"

கேமரா எக்ஸ்போஷரை அதிகமா வச்சிருக்கேன். எட்டு பிட் படத்துல 255க்கு மேல எண்ணே கிடையாது, எல்லாம் அங்கயே முட்டி நிக்குது. அதுக்கு முந்தின வாரம்தான் லேப் மீட்டிங்ல "டிஎன்ஏ கூடினாலும் பேண்டு கூடல"னு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பேசியிருந்தேன்.

வியாசர்பாடி39
இன்னாமா நீ, பிசிஆர்ல, அதான் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குறதுல, வந்த பேண்டை அளந்து இன்னா பண்ணப்போற? 35 சுத்து ஓடினா கொஞ்சமா இருந்ததும் நிறைய இருந்ததும் ஒரே உயரத்துல வந்து நிக்கும். அடிப்படையே தப்பு.

எதுக்கும் கேட்டுக்கோ. 16 பிட் டிஃப் ஃபைலா சேவ் பண்ணு, 65535 வரைக்கும் இடம் இருக்கு. பிரைட்னஸை இழுத்துப் பாரு, தப்பில்ல. 'அப்ளை' மட்டும் அமுக்காத, எண்ணே மாறிடும். பேக்ரவுண்டு கழிக்கிற ரோலிங் பால் 50 பிக்சல்னு தானா நிக்கும். உன் பேண்டு அதைவிடத் தடியா இருந்தா பேண்டையே தின்னுடும். கூம்புக்கு அடியில கோடு போட்டு மூடிட்டு அப்புறம் மந்திரக்கோலை (பரப்பு அளக்குற டூல்) வை. நான் ஒருவாட்டி மூடாம கிளிக் பண்ணி முழு லேன் பரப்பையும் ஆய்வேட்டுல ஏத்திட்டேன். அது வேற கதை, வேணாம்.

கேட்டுல_மாட்டினவன்
என்னோடது சின்னது. சீனியர் ஜெல் படத்தை வாட்ஸப்ல அனுப்பினார், அதையே சாஃப்ட்வேர்ல போட்டேன். கண்ணுக்கு மூணு பேண்டு, அது பதினொண்ணுனு காட்டுது. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கு, கூட்ஸ் வண்டி போய்க்கிட்டே இருக்கு, ஷேர் ஆட்டோல இருந்தே கைடுக்குப் போன் போட்டு "சார், புது அலீல்!" (ஜீனோட வேற வடிவம்)ங்கறேன். "டிஃப்லயும் இருக்கா?"ன்னார். அப்பதான் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். பேண்டைச் சுத்தி குட்டிகுட்டிக் கட்டம், ஜேபெக் அமுக்கினது. போனை வச்சப்பவும் அந்த வண்டி முடியல.

பழைய_போலராய்டு
எங்க காலத்துல போலராய்டு, ஸ்கேல், பாரிஸ் கார்னர்ல வாங்கின செமி-லாக் கிராஃப் தாள். அவ்வளவுதான். ஜெல் சூடாகி நடு லேன் முந்தி ஓடியிருந்தா கண்ணே காட்டிக்கொடுக்கும். இப்ப பசங்க ஒரே ஓரத்துல லேடர் (நீளம் தெரிஞ்ச டிஎன்ஏ, அளவுகோல் மாதிரி) போட்டுட்டு, சாஃப்ட்வேர் 668 பேஸ் பேர்னு சொன்னா 668ன்னே எழுதுறாங்க. அகரோஸ் ஜெல்லுல ஒத்தை ஒத்தையா எண்ண முடியுமா? ரெண்டு ஓரத்துலயும் லேடர் போடுங்கப்பா.

காசிமேட்டுக்காரி
39 அண்ணா, முழுசா படிக்கலையா? நான் பிசிஆர் அளவை ஒப்பிடல. சுத்தம் பண்ணின ஒரே ப்ராடக்டை 1, 2, 4, 8 மைக்ரோலிட்டர்னு போட்டது. டிஎன்ஏ கூடக்கூட சாயத்தோட வெளிச்சமும் நேரா ஏறுதான்னு பார்க்கத்தான்.

16 பிட் எல்லாம் சரி. அன்னைக்கு சேவ் ஆனது எட்டு பிட் படம் ஒண்ணுதான். ஜெல்லை அன்னைக்கே கழிவு டப்பால போட்டாச்சு. மறுபடி எக்ஸ்போஷர் எடுக்க நான் எங்க போவேன்?