பொருள்: எலாஸ்டோஹைட்ரோடைனமிக் லூப்ரிகேஷன் – தமிழ்ச்சொல் தேவை (வெள்ளிக்குள்)

கோவையிலிருந்து:
வணக்கம். தமிழ்வழி இயந்திரவியல் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பால் பேரிங்கில் உருண்டைக்கும் தடத்துக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அழுத்தமோ ஒரு கிகாபாஸ்கலைத் தாண்டும். எஃகே அமுங்கி, சுமை விலகியதும் பழைய வடிவுக்கு வருகிறது. எண்ணெயின் பாகுநிலையும் அங்கே எக்கச்சக்கமாக ஏறுகிறது. இதைக் கணினியில் கணக்கிடும் பாடத்துக்கு ‘மீள்நீரியக்க உயவு’ என்று தலைப்பிட்டேன் (மீள் – எலாஸ்டிக், நீரியக்கம் – ஹைட்ரோடைனமிக், உயவு – லூப்ரிகேஷன்). சரியா?

தஞ்சாவூரிலிருந்து:
எண்ணெயை ஏன் நீராக்குகிறீர்கள் தம்பி? நீர்மம் என்றாவது போடுங்கள். அப்புறம் இந்த ‘உயவு’. ‘உயாவே உயங்கல்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். புறநானூறு 246இல் ‘உயவற் பெண்டிர்’ என்றால் கைம்மை நோன்பால் வருந்தும் பெண்டிர். வருத்தம் எப்படி வழுக்கல் ஆனது? இது வேறு சொல், உய்த்தல் என்ற வேரிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். வண்டியை உய்ப்பது உயவுநெய். உப்பு வணிகரான உமணர் வண்டியில் சேம அச்சு (மாற்று அச்சு) கட்டியிருந்ததை ஔவையார் பாடுகிறார் (புறம் 102). அச்சுக்கு நெய் போடாமலா அத்தனை தூரம் போனார்கள்? ஆனாலும் வண்டிக்காரர் வாயில் இருந்த சொல் மசகு. அதையே எடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, மசகு வேண்டாம். எங்கள் பத்திரிகைகளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். ஏற்கெனவே உங்கள் திரிபு (ஸ்ட்ரெய்ன்) எங்களுக்கு விகாரம், உங்கள் தகைவு (ஸ்ட்ரெஸ்) எங்களுக்குத் தகைப்பு. உயவு இரு பக்கமும் விளங்கும், அது இருக்கட்டும்.

சென்னையிலிருந்து:
நான் இந்தக் கணக்கையே தொழிலாகச் செய்பவன். உயவுப் படலத்துக்கு ரெனால்ட்ஸ் 1886இல் எழுதிய சமன்பாட்டில் எண்ணெய் உண்டு, பரப்பு வளையாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்த ஹெர்ட்ஸின் தொடுகைக் கணக்கில் பரப்பு வளையும், எண்ணெய் இல்லை. இரண்டையும் சேர்த்து எண்முறையில் தீர்த்து டௌசனும் ஹிக்கின்சனும் 1959இல் வெளியிட்டார்கள். அழுத்தத்தை ஊகித்து, பரப்பு எவ்வளவு அமுங்கும் என்று பார்த்து, படலத்தின் தடிமனைத் திருத்தி, மறுபடி அழுத்தத்துக்கு வரவேண்டும். விடை சுலபத்தில் குவியாது, அதாவது ஒரே மதிப்பில் நிலைக்காது. எண்ணெய் வெளியேறும் பக்கத்தில் படலம் ஒடுங்கும். அதற்குச் சற்று முன் அழுத்தம் ஊசிபோல் எழும்பும். கணக்குக்காகப் பரப்பைப் பிரிக்கும் கட்டங்கள் அகலமாக இருந்தால் அந்த ஊசியே விடையில் தெரியாது. பரப்பு வளைவதுதான் இதில் உயிர். பெயரில் அது இருக்கவேண்டும். ‘மீள்பரப்பு உயவு’ எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்து:
நன்று. மூட்டுக் குருத்தெலும்புக்கும் ரப்பர் சீலுக்கும்கூடப் பொருந்தும்.

தஞ்சாவூரிலிருந்து:
கணினியில் கணக்கிடும் சிமுலேஷனுக்குப் ‘போன்மம்’ வையுங்கள். ‘போலும்’ என்பது குறுகிப் ‘போன்ம்’ ஆகும்; மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டே அதுதான்.

கோவையிலிருந்து:
அழகான சொல் ஐயா. ஆனால் என் மாணவர்கள் அதை இலக்கணக் குறிப்பு என்று நினைப்பார்கள். ‘மீள்பரப்பு உயவு: எண்முறைத் தீர்வு’ என்று அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் ஆங்கிலப் பெயரும் தமிழ் எழுத்தில் ஒருமுறை வரும். எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:
அனுப்புங்கள். எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். படலத்தைத் தாங்குவது நீர்மத்தின் இயக்கம். அதைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டீர்கள். என் கலைச்சொல் தொகுப்பில் ‘மீள்நீர்மவியக்க உயவு’ என்றுதான் இருக்கும்.