அப்பத்தா விழுந்த மறுநாள் காலை

பெரியப்பா (6.10): அம்மா நேற்று நள்ளிரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். வலது இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, இன்று மாலையே அறுவை சிகிச்சை என்கிறார்கள். தரையை ஈரமாக விட்டது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சித்தி (6.14): தரை உலர்ந்துதான் இருந்தது, அத்தான்.

சித்தப்பா (6.15): அம்மா நன்றாகப் பேசுகிறார். காபி கேட்டார், கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

அத்தை (6.32): அண்ணே, ஈரத்தைப் பற்றிக் கேட்கும் முன் அம்மாவின் சேலையை நினைத்துப் பாருங்கள். நான்கு ஆண்டுகளாகத் தரையில் புரள்கிறது என்று கொசுவத்தை இரண்டு விரற்கடை ஏற்றிச் செருகிக்கொள்கிறார். சேலை அதே சேலைதான், அம்மாவின் உயரம் குறைந்துவிட்டது. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் வற்றிவிடுகிறது. எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளமாக இருந்த ஹார்மோன் அது என்பதால், புது எலும்பு வளர்வதைவிடப் பழையது கரைவது வேகமாகிறது, அதிலும் முதல் சில ஆண்டுகளில் மிக வேகமாக. அம்மாவுக்கு 47 வயதில் நின்றது, இப்போது 79. இந்த 32 ஆண்டுகளில் ஒருமுறைகூட எலும்பு அடர்த்தியைப் பார்க்கவில்லை. நர்ஸாக இருந்த நானும் பார்க்கவில்லை. அது இரவெல்லாம் என்னை உறுத்துகிறது.

பெரியம்மா (6.36): காதுகுத்துக்கு மண்டபத்தில் முன்பணம் கொடுத்தாயிற்றே, தள்ளிவைப்பதா?

சித்தப்பா (6.37): அதைப் பிறகு பேசுவோம், மதினி.

பெரியப்பா (6.41): இரவில் மூன்று முறை ஏன் எழ வேண்டும்? மாலைக்குமேல் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று பொங்கலுக்கு வந்தபோதே சொன்னேன்.

சித்தி (6.43): 7 மணிக்குமேல் அரை டம்ளர் பால்தான் குடிக்கிறார். தினமும் மூன்று முறையும் நான் உடன் எழுந்து போகிறேன். நேற்று என்னை எழுப்பவில்லை.

அத்தை (6.58): இளம் வயதில் இரவானால் பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசினைக் கூடுதலாக விடும், சிறுநீரகமும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். முதுமையில் அந்த ஏற்றம் குறைந்துவிடுவதால் பகலில் போக வேண்டியது இரவில் போகிறது. மெலடோனினும் குறைவதால் தூக்கம் எளிதில் கலைகிறது. அரைத் தூக்கத்தில் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். தண்ணீரை மொத்தமாக நிறுத்தினால் அந்தச் சுற்றல் கூடும், அண்ணே. கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவளைக் குற்றவாளியாக்காதீர்கள்.

சித்தப்பா (7.05): வீட்டுக்கு வந்தபின் கட்டிலருகே கமோடு நாற்காலி, சுவரில் கைப்பிடி, இரவு விளக்கு மூன்றும் வேண்டும்.

அத்தை (7.07): எலும்புக்கான மருந்தையும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும், ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் ஆபத்து அதிகம். இரண்டு மாதம் என் வீட்டில் இருக்கட்டுமே, தரைத்தளம்தான்.

பெரியம்மா (7.09): மூத்த மகன் வீடு இருக்கும்போது மகள் வீட்டிலா?

சித்தப்பா (7.10): அம்மாவையே கேட்போம்.

பெரியப்பா (7.26): நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். சின்னவள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரட்டும்.

சித்தி (7.28): சரி, அத்தான். அத்தையின் கண்ணாடியும் பல்செட்டும் என் பையில் இருக்கின்றன, உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.