நீல் கௌவின் இரங்கல் மெட்டு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். ஸ்காட்லாந்து ஃபிடில் (வயலின்) கலைஞர் நீல் கௌ தன் இரண்டாவது மனைவி மார்கரெட் இறந்த துக்கத்தில் அமைத்த மெட்டைத்தான் ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன், சுரங்கள் கைக்கு வந்துவிட்டன, ஆனால் வாசிக்க வேண்டிய விதம் மட்டும் பிடிபடவில்லை.

கௌ 1727ல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிறந்தவர். டங்கெல்டுக்குப் பக்கத்தில் இன்வர் என்ற சிற்றூரில் வாழ்ந்துகொண்டு, அத்தோல் கோமகன்களின் ஆதரவில் ஊர் ஊராக நடன விருந்துகளுக்கு ஃபிடில் வாசித்தவர். ஓவியர் ரேபர்ன் வரைந்த படத்தில் கட்டம் போட்ட கால்சட்டையோடு ஃபிடிலும் கையுமாக உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். முப்பது வருஷத்துக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்த மனைவி 1805ல் போனார், இவர் 1807ல். எண்பதை நெருங்கும் வயதில் இப்படி ஒரு மெட்டு! அதுவும் பொதுவாக மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசையில். அழுகையே இல்லை, நன்றியோடு ஒருவரை நினைத்துப் பார்க்கிற மாதிரிதான் எனக்குக் கேட்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வில்லை மேல்நோக்கித் தள்ளும்போது வரும் அழுத்தத்துக்குப் பெயர் போனவர் கௌ. அது ஆட்ட மெட்டுகளுக்குப் பொருந்தும், இந்த மெதுவான மெட்டிலும் அப்படி வாசிப்பது வழக்கமா? கௌ குடும்பத்தார் அச்சிட்ட பழைய தொகுப்பின் அந்தப் பக்கம் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், துணைக்குச் செல்லோ (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள நரம்பு வாத்தியம்) மட்டும் சேர்த்து வாசித்த நல்ல பதிவு ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள், அந்தக் காலத்து வழக்கம் அதுதானே, அவருடைய தம்பி டொனால்டே அவருக்குச் செல்லோ வாசித்திருக்கிறார்.