காபி வேண்டாம் என்று சொன்ன நாள்

ஒஹாயோவில், க்ளீவ்லண்டுக்குக் கிழக்கே ஜியாகா கவுண்டியில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருடமாக ஆமிஷ் குடும்பங்களுக்குக் கார் ஓட்டுகிறேன். ஆமிஷ் என்பவர்கள் பழைய, எளிய வாழ்க்கை முறையை விடாத ஒரு கிறிஸ்தவக் கூட்டம். அவர்கள் கார் வாங்க மாட்டார்கள், ஓட்டவும் மாட்டார்கள். ஆனால் வேறொருவர் ஓட்டும் காரில் ஏறிப் போகலாம். ஆஸ்பத்திரி, தூரத்துக் கல்யாணம், கட்டட வேலை என்று எதுவானாலும் சாலையோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கூப்பிடுவார்கள். மைலுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆமிஷ் அல்லாத எல்லாரும் அவர்களுக்கு 'இங்கிலீஷ்'தான், நான் உட்பட.

ஆமிஷ் மக்களில் சிலர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையில் சேர்ந்து மார்மன் ஆகிறார்கள் என்பதை நம்பச் சிரமப்படுகிறவர்கள் உண்டு. நானும் நம்பியிருக்க மாட்டேன், என் காரிலேயே நடந்திருக்காவிட்டால். இது அபூர்வம்தான். வெளியேறுகிறவர்களே குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் ஆமிஷுக்கு நெருங்கிய மென்னோனைட் அல்லது இவாஞ்சலிக்கல் சபைகளுக்குத்தான் போகிறார்கள்.

என்னிடம் அடிக்கடி வந்தவர் ஒரு தச்சர். நாற்பது வயதிருக்கும். திடீரென்று புதன்கிழமை தோறும் கர்ட்லண்டுக்குப் போக வேண்டும் என்றார். இங்கிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஏதோ வேலை எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் மனைவியையும் கூட்டி வந்தார். வேலை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கர்ட்லண்ட் மார்மன் வரலாற்றில் பெரிய ஊர். ஜோசஃப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் சபையைத் தொடங்கி, அடுத்த வருடமே இங்கே வந்துவிட்டார். அவர்களுடைய முதல் ஆலயம் 1836இல் இங்கேதான் அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கர்ட்லண்டும் ஜியாகா கவுண்டிக்குள்தான் இருந்தது. 1838இல் ஸ்மித் இந்த ஊரை விட்டுப் போனார்; ஆமிஷ் குடும்பங்கள் இந்தப் பக்கம் குடியேறத் தொடங்கியது 1886இல். அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒருவரையொருவர் தவறவிட்ட இரண்டு கூட்டங்கள்.

தச்சருடைய குழந்தை ஒன்று பதினோரு மாதத்தில் இறந்து போயிருந்தது. அதை அவராகச் சொல்ல ஒரு வருடம் ஆனது. ஆமிஷ் சபையும் குழந்தைகளைக் குற்றமற்றவர்களாகத்தான் பார்க்கிறது, குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. அதனால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. அவரை அரித்தது வேறு. "எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும், பரலோகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறோம் என்பார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று சொன்னால் அது பெருமை" என்றார். மார்மன் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விருப்பப்பட்டவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "இது உண்மை என்று எனக்குத் தெரியும்" என்று சொன்னானாம். தச்சருக்கு முதலில் அதிர்ச்சி. அப்புறம் அந்த வார்த்தை அவரை விடவே இல்லை.

மனைவிக்கு வழி வேறு. பைபிளோடு மார்மன்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்று வற்புறுத்தும் ஓர் அதிகாரம் இருக்கிறது. "இது நம் வீட்டில் சொல்வதுதானே" என்று அதைப் படித்ததும் அவருக்குத் தோன்றியதாம். கூடவே, ஆலயத்தில் சடங்கு செய்து முத்திரிக்கப்பட்ட, அதாவது என்றென்றைக்குமாக இணைக்கப்பட்ட குடும்பம் மரணத்துக்குப் பிறகும் குடும்பமாகவே இருக்கும் என்ற போதனை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரை யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் படித்து, அழுது, யோசித்துத்தான் முடிவெடுத்தார்.

பழகிய விஷயங்களும் நிறைய இருந்தன. இரண்டு பக்கமும் உள்ளூர் சபையை நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எல்லை வகுத்து, இந்த வீடு இந்தச் சபை என்று பிரிப்பதும் ஒன்றுதான். ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் மறுநாள் காலை சாப்பாடு வந்துவிடும்.

அவர்களைக் காட்டிக்கொடுத்தது காபி. மார்மன்களுக்குக் காபியும் தேயிலையும் கூடாது. 1833இல் கர்ட்லண்டில் ஒரு கடையின் மாடியில் ஸ்மித்துக்கு அருளப்பட்டதாக அவர்கள் நம்பும் விதி அது. ஆமிஷ் வீட்டிலோ வந்தவர்களுக்கு முதலில் காபிதான். அந்த அம்மா தன் தாய் வீட்டில் மூன்று முறை வேண்டாம் என்றிருக்கிறார். வயிறு சரியில்லை என்று ஒரு தடவை சொல்லலாம். மூன்றாவது தடவை அவருடைய தாய் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு நாளாக?" என்று மட்டும் கேட்டாராம். மகள் காரில் ஏறியதும் அழுதார். நான் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினேன்.

ஞானஸ்நானத்துக்கு நானும் போயிருந்தேன். ஆமிஷ் முறையில் மண்டியிட்டவரின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே வெள்ளை உடையில் முழுவதுமாக மூழ்க வேண்டும். தச்சரின் கால்விரல் வெளியே தெரிந்ததால் இன்னொரு முறை மூழ்கச் சொன்னார்கள். மீசையில்லாத தாடியில் தண்ணீர் சொட்ட அவர் ஏறி வந்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1527 ஜனவரியில், பெரியவர்களுக்கு மறு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை ஜூரிக்கில் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஆமிஷ் வழிமரபின் முன்னோடிகளில் ஒருவர் அவர். அந்த மரபில் வந்த ஒருவர் இன்னொரு முறை தண்ணீருக்குள் இறங்குகிறார். அவருடைய அப்பாவுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதும் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு தள்ளிவைப்பு, அதாவது சபையை விட்டுப் போனவரோடு ஒரே மேசையில் சாப்பிடாமல் விலக்கி வைப்பது. மூப்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார்கள். கடைசியில் சபை கூடி முடிவு செய்தது. வெளியே இருந்து பார்த்தால் இது கொடுமையாகத் தெரியும். ஆனால் 1693இல், ஆமிஷ் என்ற பெயருக்கே காரணமான யாக்கோப் அம்மானின் கூட்டம் தனியாகப் பிரிந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றே, தள்ளிவைத்தலைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான். மண்டியிட்டு ஆயுளுக்கும் கொடுத்த வாக்கை மீறியவர், திரும்பி வருவதற்காகவே அது என்பது அவர்கள் நம்பிக்கை. ஞானஸ்நானம் எடுக்கும் முன்பே வெளியேறியவர்களைத் தள்ளிவைப்பதில்லை. அப்படி மார்மன் ஆன ஒரு பெண்ணையும் எனக்குத் தெரியும்; எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பை இப்போது தொடர்கிறார், கிறிஸ்துமஸுக்குத் தாய் வீட்டில் எல்லாரோடும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்.

மார்மன் ஆகிவிட்டுத் திரும்பி வந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். போதனையில் குறை எதுவும் சொல்லவில்லை. "ரெண்டு மணி நேரத்தில் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள்" என்றார். ஆமிஷ் ஆராதனை மூன்று மணி நேரம், யாராவது ஒருவர் வீட்டில். முடிந்ததும் அங்கேயே எல்லாருக்கும் சாப்பாடு. சபை முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார், சேர்த்துக்கொண்டார்கள்.

தச்சர் குடும்பம் திரும்பவில்லை. இப்போது அவர்களே கார் ஓட்டுகிறார்கள், என் உதவி தேவையில்லை. ஆனால் போன ஆகஸ்டில் அவர்களுடைய கார் பழுதாகி, அந்த அம்மாவை அவருடைய தாய் வீட்டுக்கு நான் கூட்டிப் போனேன். தாய்க்கு உடம்பு சரியில்லை. தள்ளிவைத்தவர்களுக்கு எதையும் கொடுக்கலாம். அவர்கள் கையிலிருந்து வாங்கத்தான் கூடாது.

திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஆமிஷ் வீடுகளில் பேசும் ஜெர்மன் வழக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தாய் உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்தார். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "தோட்டத்துப் புதினா. தேயிலை இல்லை" என்றார். மகள் குடித்து முடித்து, டம்ளரைத் திண்ணைக் கைப்பிடி மேல் வைத்தார். தாய் அங்கிருந்து அதை எடுத்துக்கொண்டு, இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.